ஒரு வீரர், மூன்று கிளப், 42 நாள்: ஐஸ் ஹாக்கி ஜி.எம்.கள் நட்சத்திரங்களிடம் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2025 மே 3, அமெரிக்காவின் டல்லஸ் நகரம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய லீகான என்.ஹெச்.எல். பிளேஆஃபில் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். தோற்றால் வீடு. மூன்றாவது பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கொலராடோ அவலாஞ்ச் அணி 2-0 என முன்னிலை. அங்கிருந்து டல்லஸ் ஸ்டார்ஸ் 4-2 என ஜெயித்தது. அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்தவரும், வெற்றிக் கோலுக்குப் பந்தி வைத்தவரும் ஒரே ஆள்தான்: ஃபின்லாந்துக்காரர் மிக்கோ ரன்டனன்.

இதில் என்ன விசேஷம் என்றால், அந்த சீசனை ரன்டனன் தொடங்கியதே கொலராடோவில்தான். 2015 டிராஃப்டில் அவரை எடுத்து வளர்த்தது கொலராடோ. 2022இல் அவர் ஸ்டான்லி கோப்பை வென்றதும் அங்கேதான். ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு பேரம் படியவில்லை. 2025 ஜனவரி 24 அன்று ஜி.எம். கிறிஸ் மெக்ஃபார்லண்ட் அவரை கரோலைனா ஹரிகேன்ஸுக்கு அனுப்பிவிட்டார். கரோலைனாவுக்கும் அவர் நீண்ட கால ஒப்பந்தம் தர முன்வரவில்லை. 13 ஆட்டம் ஆடினார். மார்ச் 7 அன்று அங்கிருந்து டல்லஸுக்கு டிரேடு. அதே நாளில் டல்லஸோடு 8 ஆண்டுக்கு 9.6 கோடி டாலர், அதாவது வருடத்துக்கு சராசரி 1.2 கோடி டாலர் என முடிவானது. ஜனவரி 24க்கும் மார்ச் 7க்கும் நடுவே 42 நாள்தான்.

கொலராடோவின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அணியின் முதல் நட்சத்திரம் நேதன் மெக்கினன் வாங்குவது வருடத்துக்கு 1.26 கோடி டாலர். இன்னொருவருக்கும் அதை ஒட்டிய சம்பளம் என்றால் மற்றவர்களுக்கு என்ன மிச்சம் என்ற கணக்கு. சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ரன்டனனுக்குப் பதிலாகக் கிடைத்த மார்ட்டின் நெச்சாஸுக்கு 2025 அக்டோபரில் அதே கொலராடோ 8 ஆண்டுக்கு 9.2 கோடி டாலர் கொடுத்தது. வருடத்துக்கு 1.15 கோடி. டல்லஸில் ரன்டனன் வாங்கிய தொகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 5 லட்சம் டாலர்! டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, கொலராடோவில் உண்டு, அதனால் கொலராடோவில் ரன்டனன் இன்னும் அதிகம் கேட்டிருப்பார் என்று வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் இந்தக் கதையில் உண்மையில் கைநழுவியது பணம் என்று நான் நினைக்கவில்லை. நாள்கள்தான் நழுவின. அந்த ஒப்பந்தத்தை நீட்டிக்க முந்தைய ஜூலை 1 முதலே விதி இடம் கொடுத்தது. ஆறு மாதத்துக்கும் மேல் கழிந்த பிறகுதான் 'இல்லை' என்று முடிவானது.

நட்சத்திர வீரர்களின் ஒப்பந்தப் பேச்சு என்றாலே 'எவ்வளவு கேட்டார், எவ்வளவு குறைத்தார்கள்' என்றுதான் செய்தி வரும். கறாராகப் பேரம் பேசுகிற ஜி.எம். கெட்டிக்காரர், அதிகம் கேட்கிற வீரர் பேராசைக்காரர். இந்த இரண்டுமே பெரும்பாலும் தப்பு என்பதுதான் என் கட்சி.

ஜி.எம். கையில் இருக்கும் பர்ஸ்

ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜி.எம்., அணியைக் கட்டுகிறவர். யாரை டிராஃப்டில் எடுப்பது, யாரை டிரேடு செய்வது, யாருக்கு எவ்வளவு என எல்லாம் அவர் பொறுப்பு. பணம் முதலாளியுடையது. ஆனால் முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் ஜி.எம். இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. காரணம், சம்பள உச்சவரம்பு. ரசிகர்கள் 'கேப்' என்பார்கள்.

இது வந்த கதை சின்னதல்ல. வீரர் சம்பளத்துக்கு வரம்பு வேண்டும் என முதலாளிகள் அடம்பிடித்ததில் 2004-05 சீசன் முழுவதுமே ரத்தானது. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, கோப்பையும் இல்லை. அடுத்த சீசனில் வரம்பு அமலுக்கு வந்தபோது ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர். 2025-26 சீசனில் அது 9.55 கோடி. லீகில் உள்ள 32 அணிகளுக்கும் ஒரே வரம்பு.

ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு தொகை ஒதுக்குவார்களே, ஏறக்குறைய அது மாதிரிதான். ஒரு பெரிய வித்தியாசம், இங்கே ஏலம் கிடையாது. வீரரும் அவருடைய ஏஜென்டும் எதிரே உட்கார்ந்து 'சரி' என்றால்தான் உண்டு. அந்த 'சரி' எட்டு ஆண்டுகளுக்கு அணியைக் கட்டிப்போட்டுவிடும். 8 ஆண்டு ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை எட்டால் வகுத்து, அந்தச் சராசரியைத்தான் ஒவ்வொரு வருடமும் வரம்புக் கணக்கில் வைப்பார்கள். 23 பேர் கொண்ட அணியில் ஒருவருக்கு அதிகமாகப் போகும் ஒவ்வொரு டாலரும் சக வீரர் ஒருவரின் டாலர்.

சரி, நட்சத்திரம் குறைத்து வாங்கினால் லாபம் யாருக்கு?

ரசிகர்களுக்கு எளிதாகக் கோபம் வரும் இடம் இது. 'இத்தனை கோடி வாங்கி என்ன பண்ணப் போறார்? கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அணிக்கு நல்லதுதானே?'

லீகின் ஹாக்கி வருமானத்தில் பாதி வீரர்களுக்கு, பாதி முதலாளிகளுக்கு. 2013 முதல் இதுதான் உடன்பாடு. எல்லா ஒப்பந்தங்களையும் கூட்டினால் பாதிக்கு மேல் போகிறது என்றால், வீரர்களின் சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்து வைக்கும் தொகையிலிருந்து முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால், ஒரு நட்சத்திரம் 20 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்தால் டிக்கெட் விலை குறையாது. லீக் முழுக்கப் பார்த்தால் வீரர்கள் பங்கும் குறையாது. நடப்பது ஒன்றுதான்: அவருடைய ஜி.எம்.முக்கு 20 லட்சம் டாலர் கூடுதல் இடம் கிடைக்கும். தன் சொந்தக் காசில் ஜி.எம்.முக்கு அவர் கொடுக்கும் பரிசு அது.

பரிசு கொடுப்பது அவரவர் விருப்பம். கொடுக்கவில்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

வயசுதான் ஆயுதம்

ஒரு வீரரின் பேரம் பேசும் பலம் அவர் அடிக்கும் கோல்களைவிட அவர் வயதைப் பொறுத்தது. டிராஃப்டில் 18 வயதில் வருகிறவருக்கு முதல் மூன்று ஆண்டுக்கு அறிமுக ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் சுமார் பத்து லட்சம் டாலர்தான், மேலே கொஞ்சம் போனஸ். பேரத்துக்கு இடமே இல்லை. அது முடிந்ததும் அரைச் சுதந்திரம்: வேறு அணி ஒப்பந்தம் நீட்டலாம், ஆனால் பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகையைத் தந்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம், விட்டுவிட்டால் இழப்பீடாக டிராஃப்ட் வாய்ப்புகள் கிடைக்கும். முழுச் சுதந்திரம் 27 வயதில், அல்லது ஏழு சீசன் ஆடிய பிறகு.

அந்த அரைச் சுதந்திரக் காலத்தில்தான் ஜி.எம்.களுக்குக் கை அரிக்கும். வீரருக்குப் போக வேறு இடம் அதிகம் இல்லை. டிசம்பர் 1 மாலை 5 மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்த சீசன் முழுக்க ஆடவே முடியாது என்றும் விதி. கடிகாரம் ஜி.எம். பக்கம் நிற்கிறது. அதனால் அவரை நெருக்கலாம் என்று தோன்றும்.

மான்ட்ரியல் அப்படித்தான் பி.கே. சுப்பானை நெருக்கியது. இளம் டிஃபென்டர் அவர், நீண்ட ஒப்பந்தத்தை எதிர்பார்த்தார். ஜி.எம். மார்க் பெர்ஜவான் மசியவில்லை. சீசன் தொடங்கி சில ஆட்டங்கள் போன பிறகு, 2013 ஜனவரி இறுதியில், இரண்டு ஆண்டுக்கு 57.5 லட்சம் டாலர் என சுப்பான் இறங்கி வந்தார். இந்த மாதிரிக் குட்டி ஒப்பந்தத்துக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர், பெரிய ஒப்பந்தம் வரைக்குமான பாலம். ஜி.எம். ஜெயித்த மாதிரிதான் தெரிந்தது. அதே சீசனில் லீகின் சிறந்த டிஃபென்டருக்கான நாரிஸ் விருதை சுப்பான் வாங்கினார். 2014 கோடையில் மறுபடியும் பேச்சு, இந்த முறை நடுவர் விசாரணை வரை போனது. விசாரணைக்கு மறுநாள் 8 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் என்று மான்ட்ரியல் கையெழுத்திட்டது. வருடத்துக்கு 90 லட்சம், அன்றைக்கு டிஃபென்டர்களில் அதுதான் உச்சம்.

கதை அங்கே முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தில், 2016 ஜூலை 1 முதல் அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற ஷரத்து இருந்தது. ஜூன் 29 அன்று அவரை நாஷ்வில்லுக்கு டிரேடு செய்துவிட்டார்கள். இரண்டே நாள்! அடுத்த வருடமே நாஷ்வில் இறுதிச் சுற்றுக்குப் போனது.

எதிர் உதாரணமும் உண்டு, மறைக்க மாட்டேன். டொராண்டோவின் வில்லியம் நைலாண்டர் 2018இல் இதே வலையில் சிக்கினார். ஜி.எம். கைல் டூபஸ் விடவில்லை, நைலாண்டரும் விடவில்லை. டிசம்பர் 1 கெடுவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கையெழுத்தானது. ஆறு ஆண்டு, முதல் வருடம் போக வருடத்துக்கு சுமார் 69.6 லட்சம் டாலர் வரம்புக் கணக்கு. 28 ஆட்டங்களைத் தவறவிட்ட அவர் மீதி 54 ஆட்டங்களில் 7 கோல்தான் அடித்தார். ஊரே திட்டியது. ஆனால் அடுத்த சீசனில் 31 கோல், பிறகு ஒரே சீசனில் 40 கோல் என்று ஏறி, அந்தத் தொகை லீகின் மலிவான ஒப்பந்தங்களில் ஒன்றாக ஆனது. பொறுமை பலன் தந்தது உண்மை. அதற்கு விலையாக ஒரு சீசன் போனது என்பதும் உண்மை.

6.4 கோடி காரணங்கள்

பேரத்தில் பேசுகிற வார்த்தைக்கு என்ன விலை? பாஸ்டன் ப்ரூயின்ஸைக் கேட்டால் தெரியும்.

கோல்கீப்பர் ஜெரமி ஸ்வேமன் 2023இல் நடுவர் விசாரணைக்குப் போனார். நடுவர் விசாரணை என்பது விநோதமான சடங்கு. சொந்த அணியே, வீரரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, 'இவர் அவர் நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர் இல்லை' என்று புள்ளிவிவரத்தோடு வாதாடும். சம்பள உயர்வு கேட்கப் போனவரை உட்கார வைத்து அவருடைய குறைகளை அவர் முன்னாலேயே மூன்றாம் ஆளுக்குப் பட்டியல் போட்டுக் காட்டுவதை நினைத்துப் பாருங்கள். நடுவர் அவருக்கு 34.75 லட்சம் டாலர் தீர்ப்பளித்தார். இன்னொரு முறை இதற்குள் போக விருப்பமில்லை என ஸ்வேமன் வெளிப்படையாகவே சொன்னார்.

2024 கோடையில் நீண்ட ஒப்பந்தத்துக்குப் பேச்சு. செப்டம்பர் வந்தும் முடியவில்லை, பயிற்சி முகாமுக்கு அவர் வரவில்லை. செப்டம்பர் 30 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் அணித் தலைவர் கேம் நீலி, தன்னிடம் 6.4 கோடி காரணங்கள் இருந்தால் தான் இந்நேரம் ஆடிக்கொண்டிருப்பேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தையை விட்டார். 6.4 கோடி டாலர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், பையன்தான் வரவில்லை என்று ஊருக்குச் சொல்லாமல் சொன்னது அது. அப்படி ஒரு தொகை அதற்கு முன் எங்களிடம் பேசப்படவே இல்லை என்று ஸ்வேமனின் ஏஜென்ட் அறிக்கை விட்டார்.

ஆறு நாள் கழித்து ஒப்பந்தம் ஆனது. 8 ஆண்டுக்கு 6.6 கோடி டாலர்.

கணக்குப் போடுங்கள். 6.4க்கும் 6.6க்கும் வித்தியாசம் 20 லட்சம், எட்டு ஆண்டில். வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், அன்றைய வரம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக முதன்மை கோல்கீப்பர் முகாம் முழுவதையும் இழந்து, சீசனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தார். முந்தைய சீசனில் ஆயிரம் ஷாட்டுக்கு 916ஐத் தடுத்தவர், அந்த சீசனில் 892. நவம்பரில் பயிற்சியாளர் நீக்கம், மார்ச்சில் கேப்டன் பிராட் மர்ஷண்ட் ஃப்ளோரிடாவுக்கு டிரேடு, 2016க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் இல்லை. எல்லாவற்றையும் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பின் தலையில் கட்ட முடியாதுதான். அணியில் வேறு ஓட்டைகளும் இருந்தன. ஆனால் மிச்சம் பிடிக்கப் பார்த்தது என்ன, கொடுத்தது என்ன?

மினசோட்டாவின் கடன்

கறார் தப்பு என்றால், கேட்டதைக் கொடுத்துவிடுவதா? அதுவும் இல்லை. தவறான வயதில் தவறான ஆளுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மினசோட்டா வைல்டைவிட நல்ல பாடம் கிடையாது.

2012 ஜூலை 4 அன்று அந்த அணி சாக் பரீஸேயையும் ரயன் சூட்டரையும் ஒரே நாளில் பிடித்தது. இருவருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம்: 13 ஆண்டு, தலா 9.8 கோடி டாலர். பதிமூன்று ஆண்டு ஏன்? நீளம் கூடக்கூட சராசரி குறையும், வரம்புக் கணக்கில் சின்னதாகத் தெரியும் என்ற தந்திரம். அந்தக் காலத்தில் பல ஜி.எம்.கள் இதைத்தான் செய்தார்கள். நியூ ஜெர்சி 2010இல் இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு ஒப்பந்தமே எழுதியது, லீக் அதை நிராகரித்தது. வேடிக்கை என்னவென்றால், 2012 கோடையில் இப்படி அள்ளிக் கொடுத்த முதலாளிகள், அந்த இலையுதிர் காலத்திலேயே 'நீண்ட ஒப்பந்தங்கள் லீகைக் கெடுக்கின்றன' என்று சொல்லிக் கதவடைப்பு நடத்தினார்கள். அதன் முடிவில்தான் சொந்த வீரருக்கு 8 ஆண்டு, வெளி வீரருக்கு 7 ஆண்டு என்ற உச்சம் வந்தது. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய உடன்பாட்டில் அதுவும் 7, 6 எனக் குறைகிறது.

மினசோட்டாவுக்கு வருவோம். 2021 ஜூலையில் புதிய ஜி.எம். பில் கெரின், இருவரின் ஒப்பந்தத்தையும் இடையிலேயே பணம் கொடுத்து முறித்தார். முறித்தாலும் வரம்புக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 2022-23இல் 1.27 கோடி, அடுத்த இரண்டு சீசன்களிலும் தலா 1.47 கோடி டாலர், அணியிலேயே இல்லாத இரண்டு பேருக்காகக் கணக்கில் கழிந்தது. 8.35 கோடி வரம்பில் 1.47 கோடி! ஆறு பேரில் ஒருவர் ஊதியம் கணக்கில் இருக்கிறது, ஆள் இல்லை என்கிற மாதிரி.

அந்த வறட்சி முழுவதும் அணியைத் தூக்கி நிறுத்தியவர் ரஷ்யாவிலிருந்து வந்த கிரில் கப்ரீசோவ், வருடத்துக்கு 90 லட்சம் டாலரில். 2025இல் அவருடைய ஒப்பந்தத்துக்கு ஒரே ஒரு வருடம் மிச்சம். செப்டம்பரில் 12.8 கோடி டாலரை அவர் மறுத்துவிட்டார் என்று செய்தி கசிந்ததும் சமூக ஊடகங்களில் வழக்கமான அர்ச்சனை. கெரின் என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு பத்திரிகையாளரைக் கூப்பிடவில்லை. டிரேடு மிரட்டலும் விடவில்லை. செப்டம்பர் 30 அன்று, சீசன் தொடங்கும் முன், 8 ஆண்டுக்கு 13.6 கோடி டாலர் என முடித்தார். லீக் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். வருடத்துக்கு 1.7 கோடி.

பைத்தியக்காரத்தனமா? டாலரில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஜி.எம்.கள் பார்க்க வேண்டியது சதவீதத்தை. இந்த ஒப்பந்தம் தொடங்கும் 2026-27இல் வரம்பு 10.4 கோடியாக இருக்கும். அதில் 1.7 கோடி என்பது 16 சதவீதத்துக்குச் சற்று மேல். 2018-19இல் கானர் மெக்டேவிடின் 1.25 கோடி டாலர் ஒப்பந்தம் தொடங்கியபோது வரம்பு 7.95 கோடி. அது கிட்டத்தட்ட 16 சதவீதம். ஏழெட்டு வருடத்தில் பேராசை கூடவில்லை, பர்ஸ்தான் பெரிசாச்சு. 2027-28இல் அது 11.35 கோடியாகும் என்று லீகே கணித்திருக்கிறது. அப்போது கப்ரீசோவின் பங்கு 15 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் கடிக்கும். 2018க்கும் 2019க்கும் இடையில் டொராண்டோவில் டூபஸ், ஜான் டவாரஸ், ஆஸ்டன் மேத்யூஸ், மிட்ச் மார்னர், நைலாண்டர் நால்வரையும் கட்டிவைத்தார். நால்வருக்கும் சேர்த்து சுமார் 4.05 கோடி டாலர். வரம்பு ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. கொரோனா வந்தது. 8.15 கோடியில் மூன்று சீசன் வரம்பு உறைந்துபோனது. வரம்பில் பாதி நான்கு பேருக்கு, மீதிப் பாதியில் மற்ற எல்லோரும். அதை முழுக்க டூபஸின் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெருந்தொற்றை முன்கூட்டிக் கணித்த ஜி.எம். யாரும் இல்லை.

இரண்டு ஊரில் ஒரே ஜி.எம்.

காலத்தைக் கோட்டை விடுவது எப்படி இருக்கும் என்பதை பிராட் டிரெலிவிங்கின் அனுபவத்தில் பார்க்கலாம். 2022 கோடையில் அவர் கால்கரியின் ஜி.எம். நட்சத்திரம் ஜானி கோட்ரோவின் ஒப்பந்தம் முடிந்தது. 2024இல் சாலை விபத்தில் உயிரிழந்த அதே கோட்ரோதான். ஜூலை 13 அன்று அவர் கொலம்பஸுக்குப் போய்விட்டார். கால்கரிக்குப் பதிலாக எதுவுமே கிடைக்கவில்லை. அடுத்த நட்சத்திரம் மேத்யூ டகச்சக், 'நானும் நீண்ட காலம் இருக்கப் போவதில்லை' என்று முன்னாடியே சொல்லிவிட்டார். முன்னாடியே சொன்னதுதான் கால்கரிக்கு வரம். சில நாளிலேயே அவரை ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்து, 115 புள்ளி எடுத்திருந்த ஜொனதன் ஹூபர்டோவையும் மெக்கென்சி வீகரையும் வாங்கினார்கள். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் ஹூபர்டோ ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே அவருக்கு 8 ஆண்டுக்கு வருடம் 1.05 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். முதல் சீசனில் அவர் எடுத்தது 55 புள்ளி. டகச்சக் ஃப்ளோரிடாவில் 2024இலும் 2025இலும் கோப்பை தூக்கினார்.

2023இல் டிரெலிவிங் டொராண்டோவுக்கு வந்தார். அங்கே மார்னர். அவருடைய ஒப்பந்தத்தில், சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்ற ஷரத்து ஏற்கெனவே இருந்தது. அதை எழுதிக் கொடுத்தது முந்தைய நிர்வாகம். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் 102 புள்ளி எடுத்துவிட்டு, 2025 ஜூன் 30 அன்று மார்னர் வேகஸுக்குப் போனார். 8 ஆண்டு, 9.6 கோடி டாலர். டொராண்டோவுக்குக் கிடைத்தது நிக்கொலா ருவா என்ற ஒரு நடுத்தர ஆட்டக்காரர்.

கொலராடோ செய்ததை மறுபடி யோசித்தால் இந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் குறைகிறது. பேரம் படியாது என்று தெரிந்ததும், சீசன் நடுவிலேயே, கண்ணீரும் கம்பலையுமாக ரசிகர்கள் நிற்கும்போதே ரன்டனனை விற்றார்கள். நெச்சாஸாவது கிடைத்தார். ரன்டனனைக் கையில் வைத்திருந்த 42 நாளிலேயே கரோலைனாவின் ஜி.எம். எரிக் டல்ஸ்கிக்கும் புரிந்துவிட்டது, இவர் இங்கே நிற்க மாட்டார் என்று. லோகன் ஸ்டான்கோவன் என்ற இளைஞரையும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர், பாசத்தில் வழுக்கி விழவில்லை.

தெரியாத வரைக்கும் விசுவாசம்

'அந்தக் காலத்து வீரர்கள் பணத்துக்கு ஆடவில்லை' என்று சொல்பவர்களுக்கு கார்டி ஹோவின் கதையைச் சொல்லலாம். டெட்ராய்ட்டில் 1946இல் சேர்ந்தபோது போனஸாக அவர் கேட்டது அணியின் ஒரு ஜாக்கெட். இருபது வருடத்துக்கும் மேல் லீகின் மிகப் பெரிய பெயராக இருந்தார். 1968 வாக்கில் அணிக்குப் புதிதாக வந்த பாப் பான், தன் சம்பளம் அவருடையதைவிட அதிகம் என்று சொன்ன பிறகுதான் ஹோவுக்கு விஷயமே தெரிந்தது. அதற்கு முன் அவருடைய சக வீரர் டெட் லிண்ட்சே 1957இல் சங்கம் அமைக்க முயன்றார். அவரை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1990 வாக்கில்தான் எல்லோருடைய சம்பளமும் வெளிப்படையானது. யார் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரியாத வரைதான் ஜி.எம்.களுக்கு அந்த 'விசுவாசம்' மலிவாகக் கிடைத்தது. இப்போது ஒவ்வொருவர் சம்பளமும் கடைசி டாலர் வரை ரசிகரின் போனிலேயே இருக்கிறது.

அப்படி எல்லாம் தெரிந்த பிறகும் சிலர் குறைத்து வாங்குகிறார்கள். சிட்னி கிராஸ்பி 2008 முதல் வருடத்துக்கு 87 லட்சம் டாலர்தான். 87 அவர் ஜெர்சி எண். 2024 செப்டம்பரில் இரண்டு ஆண்டு நீட்டித்தபோதும் அதே 87 லட்சம். எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? டொராண்டோவிலிருந்து பிட்ஸ்பர்க் போன அதே டூபஸ்.

மெக்டேவிட் இன்னும் சுவாரசியம். வரம்பில் 20 சதவீதம் வரை ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி, அதன்படி அவர் 1.91 கோடி வரை கேட்டிருக்கலாம். 2025 அக்டோபர் 6 அன்று எட்மன்டனோடு பழைய 1.25 கோடியிலேயே கையெழுத்திட்டார். ஆனால் இரண்டே ஆண்டுக்கு. அடுத்தடுத்து இரண்டு இறுதிச் சுற்றுகளில் தோற்ற அணிக்கு அவர் சொன்னது இதுதான் என்று நான் வாசிக்கிறேன்: 'பணத்தை விட்டுத் தருகிறேன், காலத்தை விட்டுத் தர மாட்டேன்.' மிச்சமாகும் இடத்தில் ஜி.எம். ஸ்டான் போமன் நல்ல அணியைக் கட்ட வேண்டும், சீக்கிரம் கட்ட வேண்டும். 2024இல் இடம் இல்லாமல் பிலிப் ப்ரோபர்கையும் டிலன் ஹாலோவேயையும் செயின்ட் லூயிஸிடம் ஒரே நாளில் பறிகொடுத்த அணி அது. போன கையோடு ஹாலோவே 63 புள்ளி எடுத்தார்.

மெக்டேவிடின் இந்த ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. டொராண்டோவில் மேத்யூஸின் ஒப்பந்தமும் அதே கோடையில்தான் முடிகிறது. இருவரின் அணிகளும் நீட்டிப்பில் கையெழுத்து வாங்கக்கூடிய முதல் நாள், 2027 ஜூலை 1.